மூட்டை எல்லை தாண்டுவதால் பசி தீர்ந்துவிடவில்லை

களியக்காவிளை, ஊரம்பு, கொல்லங்கோடு, நீரோடி. இவற்றில் ஏதாவது ஓர் ஊரின் பெயரோடு ‘ரேஷன் அரிசி பறிமுதல்’ என்ற செய்தி வராத மாதம் அநேகமாக இல்லை. சொகுசு காரின் டிக்கியில் மூட்டைகள், மீன் வண்டியில் மூட்டைகள், நாகர்கோவில் – திருவனந்தபுரம் பாசஞ்சர் ரயிலில் இருக்கைக்கு அடியில் கேட்பாரற்றுக் கிடந்த மூட்டைகள். பிடித்த அரிசியைக் காப்புக்காடு அரசுக் கிடங்கில் ஒப்படைத்தார்கள் என்பதோடு செய்தி முடியும். அது முடிகிற இடத்தில் தீர்ப்பு தொடங்கும். “ஓசியில் கொடுத்தால் இப்படித்தான் ஆகும். வேண்டாதவனுக்கும் கொடுக்கிறார்கள், அவன் விற்கிறான். நிஜ ஏழைக்கு மட்டும் கொடுக்கட்டும். இல்லையென்றால் பணமாகக் கொடுத்துத் தொலைக்கட்டும்.” டீக்கடையில் இப்படிச் சொல்கிறார்கள். தொலைக்காட்சி விவாதங்களில் பொருளாதாரம் படித்தவர்கள் இதையே ‘மானியச் சீரமைப்பு’ என்று கொஞ்சம் கஞ்சி போட்டுச் சொல்கிறார்கள்.

இந்தத் தீர்ப்பு ஆரம்பம் முதல் கடைசிவரை தவறு. எல்லையில் பிடிபடும் மூட்டை ஒரே ஒரு விஷயத்துக்குத்தான் சாட்சி: ஒரே பொருளுக்கு இரண்டு விலைகள் அக்கம்பக்கத்தில் இருக்கின்றன. பசி ஒழிந்துவிட்டது என்பதற்கு அது சாட்சி ஆகாது. அப்படி முடிவு கட்டி ரேஷனைச் சுருக்கினால் கடத்தல் குறையாது, கூடும். இதற்கு ஆதாரம் தேடித் தூர தேசம் போக வேண்டியதும் இல்லை. நெய்யாறு கடலில் கலக்கிற பூவாரிலிருந்து பொழியூர் வழியாகத் தெற்கே சில கிலோமீட்டர் வந்தால் தமிழ்நாடு. அந்தச் சில கிலோமீட்டருக்குள் இரண்டு விதமான ரேஷன் கொள்கைகள் பல ஆண்டுகளாக நடைமுறையில் இருக்கின்றன. பாடம் அங்கேயே கிடக்கிறது.

சட்டத்தைப் பற்றி எனக்குத் தகராறு இல்லை. மானிய அரிசியைக் கைமாற்றி விற்பது அத்தியாவசியப் பொருட்கள் சட்டம், 1955-இன் கீழ் குற்றம். பிடிக்க வேண்டியவர்களைப் பிடிக்கத்தான் வேண்டும். ஆனால் குற்றம் நடக்கிறது என்பது ஒரு தகவல். அதிலிருந்து எந்த முடிவுக்கு வருகிறோம் என்பது வேறு விஷயம். பாறசாலைக்காரர்கள் களியக்காவிளைக்கு வந்து வண்டிக்குப் பெட்ரோல் போட்டுக்கொண்டு போகிறார்கள். தமிழ்நாட்டில் லிட்டருக்குச் சில ரூபாய் குறைவு. 2023 ஏப்ரலில் கேரளம் சமூகப் பாதுகாப்புக்கென்று லிட்டருக்கு 2 ரூபாய் கூடுதலாக விதித்தபின் வித்தியாசம் இன்னும் விரிந்தது. ‘தமிழ்நாட்டுக்காரனுக்குப் பெட்ரோல் தேவைப்படவில்லை, அதனால்தான் எல்லை தாண்டிப் போகிறது’ என்று எவரும் வாதிட்டுக் கேட்டதில்லை. விலை வித்தியாசம் என்று எல்லோருக்கும் உடனே புரிந்துவிடுகிறது. அரிசி என்று வரும்போது மட்டும் விலையை மறந்துவிட்டு, வாங்கியவனின் ஒழுக்கத்தைப் பேசத் தொடங்குகிறோம்.

இந்த வித்தியாசம் எப்படி வந்தது? 1956 நவம்பர் 1 வரை இங்கே கோடே கிடையாது. நாஞ்சில் நாட்டு நெல் திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவுக்குப் போனது திருவிதாங்கூரின் அன்றாட வியாபாரம். மாநிலச் சீரமைப்பில் விளவங்கோடு தாலுகா இந்தப் பக்கமும் நெய்யாற்றின்கரை தாலுகா அந்தப் பக்கமும் ஆயின. 1957-இல் தென் மாநிலங்களை ஒரே உணவு மண்டலமாக வைத்திருந்தார்கள். அரிசி தடையின்றிப் போனது. 1964-இல் அந்த மண்டலத்தை உடைத்து மாநிலத்துக்கு மாநிலம் தடை போட்டார்கள். சாலையும் அரிசியும் தின்கிற வாயும் மாறவில்லை. அரசாணை மாறியது.

கேரளத்தின் அரிசிப் பசி பழையது. திருவிதாங்கூர் தன் அரிசித் தேவையின் பெரும்பகுதிக்கு வெளியூரை, குறிப்பாகப் பர்மாவை நம்பியிருந்தது. 1942 மார்ச்சில் ஜப்பான் ரங்கூனைப் பிடித்ததும் அந்த வழி அடைபட்டது. மரச்சீனிக் கிழங்கு ஒரு தலைமுறையைத் தூக்கி நிறுத்தியது. பிறகும் நிலைமை தலைகீழாகிவிடவில்லை. 1974-75-இல் சுமார் 8.8 லட்சம் ஹெக்டேரில் நெல் விளைந்த கேரளத்தில் இப்போது ஏறத்தாழ 2 லட்சம் ஹெக்டேர்தான் மிச்சம். தின்கிற அரிசியில் ஐந்தில் ஒரு பங்குகூட அங்கே விளைவதில்லை. ஆந்திரத்து ஜயா அரிசி விலை ஏறினால் நெய்யாற்றின்கரைச் சந்தையில் அன்றைக்கே தெரிந்துவிடும். இந்தப் பக்கம் 2008 செப்டம்பரிலிருந்து ரேஷன் அரிசி கிலோ ஒரு ரூபாய், 2011 ஜூன் 1 முதல் இலவசம். பூஜ்ய விலையும் சந்தை விலையும் இப்படி ஒட்டி நிற்கும்போது நடுவில் ஒரு தரகர் முளைக்காவிட்டால்தான் ஆச்சரியம்.

இப்போது முதல் வாதத்துக்கு வருவோம். ‘விற்கிறார்கள் என்றால் தேவை இல்லை என்றுதானே அர்த்தம்?’

யார் விற்கிறார்கள் என்று முதலில் பார்க்க வேண்டும். பரம ஏழைகளுக்கான அந்தியோதயா அட்டைக்கு மாதம் 35 கிலோ. குடும்பத்துக்கு என்று போட்ட கணக்கு அது. வீட்டில் ஒரு விதவைப் பாட்டி மட்டும் இருந்தாலும் 35 கிலோதான். அவளால் அதைத் தின்று தீர்க்க முடியாது. ஆனால் அவளுக்கு மீன் வாங்க வேண்டும், மாத்திரை வாங்க வேண்டும். தமிழ்நாட்டில் முதியோர் உதவித்தொகை 2023 ஆகஸ்டில்தான் 1,000 ரூபாயிலிருந்து 1,200 ஆனது. அந்தப் பாட்டி பத்து கிலோவை அண்டை வீட்டு வாசலுக்கு வருகிறவனிடம் கொடுத்துக் கொஞ்சம் சில்லறை வாங்கினால், அவளுக்கு அரசு அரிசியை மிகுதியாகவும் பணத்தைக் குறைவாகவும் கொடுக்கிறது என்று அர்த்தம். அவள் வசதியானவள் என்று அர்த்தம் இல்லை. வசதியானவர்கள் வீடு வீடாக வருகிறவனிடம் சில ரூபாய்க்காக அரிசி அளந்து கொடுத்துக்கொண்டு நிற்பதில்லை.

கோட்டுக்கு அந்தப் பக்கம் பாருங்கள். கேரளத்தில் சமூக நல ஓய்வூதியம் பல ஆண்டுகள் 1,600 ரூபாயாக இருந்து 2025 நவம்பரில் 2,000 ஆனது. அரிசியோ எல்லோருக்கும் இலவசம் இல்லை. ஒரு பக்கம் அரிசி தாராளம், பணம் இறுக்கம். மறுபக்கம் பணம் கொஞ்சம் தாராளம், அரிசி இறுக்கம். இரண்டு அரசுகளும் சேர்ந்து செய்யாத பண்டமாற்றைத் தரகர் செய்கிறார், நடுவில் பெரும்பங்கை விழுங்கிக்கொள்கிறார். விற்கிற ஏழைக்குக் கிடைப்பது அரிசியின் மதிப்பில் ஒரு சிறு பகுதிதான். அவளிடமிருந்து அட்டையைப் பறித்தால் அந்தச் சிறு பகுதியும் போகும். தரகர் வேறு வாசலுக்குப் போவார்.

இன்னொரு காரணம் ருசி. விளவங்கோடு பக்கம் சிவப்பரிசிச் சோறு சாப்பிட்டுப் பழகிய வீடுகள் ஏராளம். கடையில் கிடைக்கும் வெள்ளைப் புழுங்கலரிசி அவர்களுக்கு ஒத்துவருவதில்லை. அதைத் தள்ளிவிட்டுக் கையிலிருந்து காசு சேர்த்து வேறு அரிசி வாங்குகிறார்கள். அரிசி வேண்டாம் என்றா அவர்கள் சொல்கிறார்கள்? இந்த அரிசி வேண்டாம் என்கிறார்கள். இவை இரண்டையும் ஒன்றாக்குவது கணக்குத் தெரியாதவர் செய்கிற வேலை.

அப்புறம், பாட்டியின் பத்து கிலோவும் டெம்போவில் போகும் டன் கணக்கும் ஒரே குற்றம் அல்ல. டன் கணக்கில் போக வேண்டுமானால் சேர்த்து வைக்க ஒரு குடோன் வேண்டும், ஓட்டுநர் வேண்டும், வாங்கிப் பாலீஷ் போட்டு வேறு பையில் அடைக்க ஆள் வேண்டும், கண்டும் காணாமல் இருக்கச் சிலர் வேண்டும். செய்தியில் பெரும்பாலும் பிடிபடுகிறவர் ஓட்டுநர். அல்லது அவரும் ‘தப்பி ஓட்டம்’. இந்தச் சங்கிலியின் மேல்முனையைத் தொடாமல், கீழ்முனையில் இருக்கும் அட்டைதாரரின் தேவையைச் சந்தேகிப்பதில் ஒரு வசதி இருக்கிறது: அவர் திருப்பிக் கேட்க மாட்டார்.

இரண்டாவது வாதம்தான் படித்தவர்களுக்கு மிகவும் பிடித்தது. ‘ஏழைகளை அடையாளம் கண்டு அவர்களுக்கு மட்டும் கொடுங்கள், வீணாவது நிற்கும், கடத்தலும் நிற்கும்.’

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் பொருளாதாரத்தில் கேட்க நியாயமாக இருப்பது போதாது. எல்லையின் இரண்டு பக்கமும் போய்ப் பார்க்க வேண்டும். 1992-இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலம் குறைந்தபட்சக் கூலியை மணிக்கு 4.25 டாலரிலிருந்து 5.05 ஆக உயர்த்தியது. வேலை போய்விடும் என்று பாடப்புத்தகம் சொன்னது. டேவிட் கார்டும் ஆலன் குரூகரும் நியூ ஜெர்சியிலும், கூலி உயராத அண்டை மாநிலமான பென்சில்வேனியாவின் கிழக்குப் பகுதியிலும் 410 துரித உணவுக் கடைகளை விசாரித்து ஒப்பிட்டார்கள். வேலை குறைந்ததற்கான தடயம் கிடைக்கவில்லை. அந்த வழிமுறைக்காகவும் கார்டுக்கு 2021-இல் நோபல் பரிசு கிடைத்தது. பாறசாலைக்கும் களியக்காவிளைக்கும் நடுவே அதைப்போன்ற ஒரு கோடு நமக்கு இலவசமாகவே கிடைத்திருக்கிறது. நாமோ கோட்டின் மேல் நின்று மூட்டைகளை மட்டும் எண்ணுகிறோம்.

1960-களின் நடுவிலிருந்து கேரளத்தில் ரேஷன் ஏறக்குறைய எல்லா வீடுகளுக்கும் பொதுவாக இருந்தது. நாட்டுக்கே முன்மாதிரி என்று அதைச் சொன்னார்கள். 1997 ஜூனில் மத்திய அரசு வறுமைக்கோட்டுக்குக் கீழே, மேலே என்று அட்டைகளைப் பிரித்தது. 2000-இல் மேலே இருப்பவர்களுக்கான விலையை அடக்க விலைக்கே உயர்த்தியது. சந்தை விலைக்கும் ரேஷன் விலைக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்றானதும் நடுத்தரக் குடும்பங்கள் கடைக்கு வருவதை நிறுத்தின. கடையில் விற்பனை சரிந்தது, கடைக்காரருக்குக் கட்டுப்படியாகவில்லை. கேரள ரேஷன் இப்படித் தேய்ந்ததைப் பொருளாதார அறிஞர் மதுரா சுவாமிநாதன் விரிவாகப் பதிவு செய்திருக்கிறார்.

2016 நவம்பர் 1 அன்று உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் தமிழ்நாடும் கேரளமும் ஒரே நாளில் சேர்ந்தன. நாட்டில் கடைசியாகச் சேர்ந்த இரண்டு மாநிலங்கள் இவைதாம். தமிழ்நாடு தன் பொது ரேஷனை விட்டுக்கொடுக்காமல் சேர்ந்தது. கேரளம் மஞ்சள், இளஞ்சிவப்பு, நீலம், வெள்ளை என்று நான்கு நிற அட்டைகளாகப் பிரிந்தது. முன்னுரிமைப் பட்டியலின் வரைவு வெளியானதும் லட்சக்கணக்கில் புகார்கள் குவிந்தன. ஆயிரம் சதுர அடிக்கு மேல் வீடு இருந்தால் முன்னுரிமை இல்லை. நான்கு சக்கர வாகனம் இருந்தாலும் இல்லை. பூவார்க் கரையில் மகன் வளைகுடாவிலிருந்து அனுப்பிய காசில் வீடு கட்டி, அவன் வேலை போய்த் திரும்பிவிட்டால், வீட்டின் சதுர அடி குறைந்துவிடுமா? கடலில் இந்த வாரம் கிடைத்த மீன் அடுத்த வாரம் கிடைப்பதில்லை. ஒருமுறை எழுதி வைத்த பட்டியலுக்குள் மீனவர் குடும்பத்தின் வறுமை எந்த மாதம் உள்ளே இருக்கும், எந்த மாதம் வெளியே நிற்கும் என்று எந்த அதிகாரியால் சொல்ல முடியும்?

இனிக் கடத்தல். இளஞ்சிவப்பு அட்டைக்கு அரிசி இலவசம், வெள்ளை அட்டைக்குக் கிலோ 10 ரூபாய் 90 காசு, வெளியே சந்தை விலை அதைவிடப் பல மடங்கு. ஒரே கடையின் ஒரே குவியலிலிருந்து வெவ்வேறு விலைக்கு அளக்க வேண்டும். எல்லை என்பது இரண்டு விலைகள் சந்திக்கும் இடம்தானே? ஏழைக்கு மட்டும் என்று பிரித்தால் அந்த எல்லை களியக்காவிளையிலிருந்து கிளம்பி ஒவ்வொரு ஊரின் ரேஷன் கடைக்குள்ளும் வந்து உட்கார்ந்துகொள்கிறது. அங்கே சோதனைச்சாவடி போட முடியாது.

புள்ளிவிவரமும் இதையே சொல்கிறது. கிடங்கிலிருந்து எடுத்த தானியத்தையும் வீடுகள் வாங்கியதாகச் சொன்ன தானியத்தையும் தேசிய மாதிரி ஆய்வுத் தரவுகளை வைத்து ஜீன் டிரேஸ், ரீத்திகா கேரா ஆகியோர் ஒப்பிட்டார்கள். ஏழைகளுக்கென்று பிரித்து வழங்கிய முறை நாடெங்கும் கோலோச்சிய 2004-05-இல் இந்திய அளவில் பாதிக்கு மேல், சுமார் 54 சதவீதம், வழியில் காணாமல் போனது. பிகாரில் சுமார் 91 சதவீதம். எல்லோருக்கும் கொடுத்த தமிழ்நாட்டில் 7 சதவீதம் அளவில். 2011-12-இல் தமிழ்நாட்டில் அது 12 சதவீதத்தை ஒட்டி வந்தது. இந்திய சராசரி அப்போதும் 42. கசிவு பற்றிப் பேசும்போது அண்மைய கணக்கையும் மறைக்க வேண்டாம்: 2022-23-க்கு இந்திய அளவில் 28 சதவீதம் என்று 2024-இல் ஒரு டெல்லி ஆய்வு நிறுவனம் மதிப்பிட்டது. அதையும் ஒப்புக்கொள்வோம். 54-இலிருந்து இவ்வளவு தூரம் இறங்கியது எப்படி? பிகாரும் சத்தீஸ்கரும் பயனாளிகளின் வட்டத்தை அகலமாக்கி, உரிமையைத் தெளிவாக்கி, விலையைக் குறைத்தபோதுதான் அங்கே கசிவு சரிந்தது. சுருக்கியதால் அல்ல.

காரணம் எளிது. ஆசிரியரும் கொத்தனாரும் ஒரே வரிசையில் நிற்கும் கடையில் ‘இந்த மாதம் வரவில்லை’ என்று ஏமாற்றுவது கஷ்டம். சத்தம் போடத் தெரிந்தவர்கள் விலகிப் போன கடையில் சத்தம் போடத் தெரியாதவர்களின் பங்கு முதலில் குறையும். ஜெயலலிதா ஆட்சி வசதியுள்ள குடும்பங்களின் அட்டையில் ‘எச்’ முத்திரை குத்தி அரிசியை நிறுத்திப் பார்த்தது. 2004 மக்களவைத் தேர்தல் தோல்விக்குப் பின் அதைத் திரும்பப் பெற்றது. பின்னர் அதே ஜெயலலிதாதான் 2011-இல் எல்லோருக்கும் இலவசமாக்கினார். இதை வெறும் ஓட்டுக் கணக்கு என்று தள்ளிவிடலாம். ஓட்டு போடுகிறவர்களுக்குத் தங்கள் கடையின் நிலவரம் நிபுணர்களைவிட நன்றாகத் தெரிந்திருந்தது என்றும் சொல்லலாம்.

மூன்றாவது வாதம்: ‘பணமாகக் கொடுத்தால் கடத்த என்ன இருக்கும்?’

கடத்த ஒன்றும் இருக்காது, உண்மை. அரிசியும் இருக்காது. பணத்துக்கு ஆதரவாகப் பாடப்புத்தகம் சொல்வது, மக்கள் தங்களுக்கு வேண்டியதைத் தாங்களே தேர்ந்துகொள்வார்கள் என்பது. அதில் நியாயம் உண்டு. அந்தப் பாட்டியின் கதையே அதற்குச் சான்று. ஆனால் பாடப்புத்தகம் ஒன்றை மாறாமல் பிடித்து வைத்துக்கொண்டு பேசுகிறது: அரிசியின் விலை. மெக்சிகோவில் சில கிராமங்களுக்கு உணவுப்பொருளும் சில கிராமங்களுக்கு அதே மதிப்புள்ள பணமும் கொடுத்துப் பார்த்த திட்டத்தைக் குன்ஹா, டி ஜியோர்ஜி, ஜெயச்சந்திரன் ஆகிய மூவர் ஆராய்ந்தார்கள். பொருள் போன ஊர்களில், பணம் போன ஊர்களோடு ஒப்பிட்டால், உணவு விலை இறங்கியிருந்தது. சந்தைக்குத் தொலைவான ஊர்களில் இது இன்னும் அழுத்தமாகத் தெரிந்தது. ரேஷன் அரிசி வாங்குகிறவருக்கு மட்டும் அது உதவுவதில்லை. கடையில் அரிசி வாங்குகிறவருக்கும் விலையை ஏறவிடாமல் பிடித்து வைக்கிறது. வங்கிக் கணக்கில் விழும் பணம் அதைச் செய்யாது. விலை ஏறும்போது பணம் தானாக ஏறுவதும் இல்லை.

நம் வீட்டுப் பக்கத்துச் சோதனை புதுச்சேரியில் நடந்தது. 2015 செப்டம்பரில் அங்கே அரிசிக்குப் பதில் வங்கியில் பணம் போடத் தொடங்கினார்கள். தொகை வரவில்லை, பற்றவில்லை, கடையைத் திற என்ற குரல் ஆண்டுக்கு ஆண்டு வலுத்தது. 2024-இல் ரேஷன் கடைகள் மீண்டும் திறக்கப்பட்டன. பணமே மேல் என்று சொல்கிறவர்கள் புதுச்சேரி ஏன் திரும்பி வந்தது என்று விளக்கிவிட்டு நமக்கு யோசனை சொல்லட்டும்.

நான்காவது வாதம் வாதமே அல்ல, வசவு. ‘இலவச அரிசி சோம்பேறியாக்குகிறது.’ அதிகாலையில் குழித்துறை ரயில் நிலையத்தில் நின்று பார்த்தால் போதும். கொத்தனார், தச்சர், கம்பி கட்டுபவர் என்று இலவச அரிசி வாங்கும் வீட்டு ஆட்கள்தான் திருவனந்தபுரத்துக்கு வேலைக்குப் போகிறார்கள். ரிசர்வ் வங்கி வெளியிட்ட 2022-23 கணக்கில் கேரளக் கிராமப்புறக் கட்டடத் தொழிலாளியின் சராசரி நாள்கூலி 852 ரூபாய். இந்திய சராசரி 393. கூலி அதிகமுள்ள இடத்துக்கு ஆள் போவதை உழைப்பு என்று பாராட்டுகிறோம். ஆறு நாடுகளில் நடந்த ஏழு பணஉதவித் திட்டச் சோதனைகளை அபிஜித் பானர்ஜியும் மூன்று சக ஆய்வாளர்களும் 2017-இல் தொகுத்துப் பார்த்தபோது, உதவி பெற்றவர்கள் வேலையைக் குறைத்துக்கொண்டதற்கு முறையான சான்று எதுவும் கிடைக்கவில்லை. வயிறு நிறைந்தவன் குறைந்த கூலிக்கு வர மறுக்கிறான் என்பது வேண்டுமானால் உண்மையாக இருக்கலாம். அந்தப் புகாரின் பெயர் சோம்பல் இல்லை. பேரம் பேசும் பலம்.

இதற்கெல்லாம் ஆகும் செலவு? 2023-24 பட்ஜெட்டில் தமிழ்நாடு உணவு மானியத்துக்கு ஒதுக்கியது 10,500 கோடி ரூபாய். வருவாய்ச் செலவு மதிப்பீடு 3 லட்சத்து 8 ஆயிரம் கோடி. நூறு ரூபாயில் மூன்றரை ரூபாய்க்கும் குறைவு. அதற்கு இரண்டு கோடிக்கும் மேற்பட்ட அட்டைகளுக்கு உணவு உறுதி. மேலும், 2023 ஜனவரியிலிருந்து உணவுப் பாதுகாப்புச் சட்டப் பயனாளிகளுக்கு மத்திய அரசே நாடு முழுக்க இலவசமாகத் தானியம் கொடுக்கிறது. தமிழ்நாட்டின் ‘ஓசி’ என்று கேலி செய்யப்பட்டது இன்று டெல்லியின் கொள்கை.

அப்படியானால் கடத்தலை என்ன செய்வது? செய்ய வேண்டியவை இருக்கின்றன. ஒன்றுகூட ரேஷனைச் சுருக்குவது இல்லை. முதியோர் உதவித்தொகையை உயர்த்தினால் பாட்டி அரிசியைச் சில்லறையாக மாற்ற வேண்டியிராது. அரிசிக்குப் பதில் வேறு தானியம் கேட்கும் உரிமை கொடுக்கலாம்: 2023 மே மாதம் நீலகிரியிலும் தருமபுரியிலும் இரண்டு கிலோ அரிசிக்குப் பதில் கேழ்வரகு கொடுக்கத் தொடங்கினார்கள். குமரி மாவட்டத்துக்குச் சிவப்பரிசியை அப்படி யோசிக்க ஏன் தயக்கம்? டெம்போ பிடிபட்டால் விசாரணை ஓட்டுநரோடு நிற்காமல் குடோனுக்கும் ஆலைக்கும் போக வேண்டும். கடைசியாக, கேரளம் தன் வெள்ளை, நீல அட்டைகளுக்கான அளவைக் கூட்டி விலையைக் குறைத்தால் தரகரின் லாபம் அந்தப் பக்கத்திலிருந்தே சுருங்கும். அதற்கு மத்திய ஒதுக்கீடு வேண்டும். கேரளம் அதைத்தான் பல ஆண்டுகளாகக் கேட்டுவருகிறது.

தமிழ்நாட்டு ரேஷனைக் கேரளத்தைப்போல ஆக்குவது ஒரு தீர்வு என்று சொல்கிறார்கள். கேரளத்து ரேஷனைத் தமிழ்நாட்டைப்போல ஆக்குவதும் ஒரு தீர்வு. இரண்டிலும் எல்லையில் விலை சமமாகிவிடும், மூட்டை நகராது. முதலாவதில் இரண்டு பக்கமும் சில அடுப்புகள் எரியாது. இரண்டாவதில் எரியும். எது வேண்டும் என்பதைக் கடத்தல் செய்திகளை வைத்து முடிவு செய்ய முடியாது. யாருடைய சோற்றுக்கு அரசு பொறுப்பு என்ற கேள்விக்கு நேராகப் பதில் சொல்லித்தான் முடிவு செய்ய முடியும். ரேஷனைச் சுருக்கச் சொல்கிறவர்கள் இதுவரை அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லவில்லை. பிடிபட்ட மூட்டைகளின் எடையை மட்டும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.